முதல் 16 பக்கங்களை வெட்டவைத்த நண்பன்!

நண்பர் ஒருவர் தான் எழுதிய கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘படிச்சுட்டு உண்மையைச் சொல்லுங்க’ என்கிறார். படிக்கிறீர்கள். முதல் நான்கு பக்கம் இழுவை. அதற்குப் பிறகு கதை பிரமாதம். என்ன பதில் போடுவீர்கள்? பெரும்பாலும் ‘சூப்பர் நண்பா’ என்று ஒரு வரி, கூடவே இரண்டு கைதட்டல் எமோஜி. அந்த நான்கு பக்கத்தைப் பற்றிச் சொன்னால் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்ற பயம்.

அது வீண் பயம் அல்ல. 1926-ல் ஒரு நாவலாசிரியர், தன் நண்பர் எழுதிய நாவலைப் படித்துவிட்டு உண்மையைச் சொன்னார். வாயால்கூட அல்ல, 10 பக்கம் கைப்பட எழுதிச் சொன்னார். நாவல் பிழைத்தது. நட்புக்கு என்ன ஆனது என்பது கொஞ்சம் நீளமான கதை.

எழுதியவர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு. லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2013-ல் வெளியான ‘தி கிரேட் கேட்ஸ்பி’ படம் நினைவிருக்கிறதா? நம் அமிதாப் பச்சன்கூட அதில் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டியிருப்பார். அந்தப் படத்தின் மூல நாவலை எழுதியவர்தான் இவர். கடிதத்தைப் பெற்றவர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. தமிழ் வாசகர்களுக்கு ‘கடலும் கிழவனும்’ வழியாக நன்றாகவே அறிமுகமானவர்.

பாரிஸில் இரண்டு அமெரிக்கர்கள்

இருவரும் முதன்முதலில் சந்தித்தது 1925 வசந்த காலத்தில், பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் இருந்த டிங்கோ என்ற மதுக்கூடத்தில். ‘கேட்ஸ்பி’ வெளியாகிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 28 வயது. 1920-ல் வந்த முதல் நாவலே அவரை நட்சத்திரம் ஆக்கியிருந்தது. பத்திரிகைகள் அவருடைய சிறுகதைகளுக்குப் பணத்தைக் கொட்டின. ஹெமிங்வேக்கு 25 வயது. அதுவரை வந்திருந்தவை பாரிஸில் வெளியான இரண்டு மெல்லிய புத்தகங்கள். ஒன்று 300 பிரதிகள், இன்னொன்று 170 பிரதிகள். அவ்வளவுதான்.

சுவாரஸ்யம் என்னவென்றால், நேரில் பார்ப்பதற்கு முன்பே ஃபிட்ஸ்ஜெரால்டு இவருக்காகச் சிபாரிசு செய்ய ஆரம்பித்துவிட்டார். நியூயார்க்கின் ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்தில் தன்னுடைய எடிட்டரான மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு 1924-லேயே கடிதம் எழுதினார். பாரிஸில் ஓர் இளைஞன் இருக்கிறான், அசல் சரக்கு, உடனே பிடித்துப் போடுங்கள் என்பதுதான் சாரம். அந்தக் கடிதத்தில் ஹெமிங்வேயின் பெயரைத் தப்பான ஸ்பெல்லிங்கில் எழுதியிருந்தார். எழுத்தாளராக ஃபிட்ஸ்ஜெரால்டு மேதை, ஸ்பெல்லிங் மட்டும் கடைசிவரை அவருக்குக் கைகூடவே இல்லை!

பெர்கின்ஸ் முந்துவதற்குள் ஹெமிங்வே வேறொரு பதிப்பகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதிலிருந்து வெளியே வர அவர் பிடித்த வழியும் சாதாரணமானது அல்ல. அந்தப் பதிப்பகத்தின் நட்சத்திர எழுத்தாளரான ஷெர்வுட் ஆண்டர்சனைக் கிண்டலடித்து ஒரு குறுநாவல் எழுதி அவர்களுக்கே அனுப்பிவைத்தார். அவர்கள் நிராகரித்தார்கள். ஒப்பந்தம் முறிந்தது. இத்தனைக்கும் ஹெமிங்வே முதலில் பாரிஸுக்குக் கிளம்பியபோது, அங்கிருந்த எழுத்தாளர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பியவர் இதே ஆண்டர்சன். உதவி செய்தவரை ஹெமிங்வே எப்படி நடத்துவார் என்பதற்கு முன்னோட்டம் அங்கேயே ஓடிவிட்டது. ஃபிட்ஸ்ஜெரால்டு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

1926 தொடக்கத்தில் ஸ்க்ரிப்னர்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1,500 டாலர் முன்பணம். நண்பனின் சிபாரிசு பலித்துவிட்டது.

10 பக்கக் கடிதம்

அந்த ஆண்டு ஜூன் மாதம். தெற்கு பிரான்ஸில் ழுவான் லே பேன் என்ற கடற்கரை ஊர். ஹெமிங்வேயின் சின்ன மகனுக்குக் கக்குவான் இருமல். எங்கே தங்குவது என்று குடும்பம் தவித்தபோது, தாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டை விட்டுக்கொடுத்தது ஃபிட்ஸ்ஜெரால்டு தம்பதிதான். அங்கே வந்து சேர்ந்த ஹெமிங்வே, ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’ நாவலின் கார்பன் பிரதியை நண்பரிடம் கொடுத்தார். மூலப் பிரதி ஏற்கெனவே நியூயார்க்குக்குப் போயிருந்தது. சில மாதங்களில் புத்தகம் வந்துவிடும். கருத்து சொல்வதற்குக் கொஞ்சம் தாமதமான நேரம்தான்.

இருவரும் ஒரே ஊரில்தான் இருந்தார்கள். ஆனாலும் ஃபிட்ஸ்ஜெரால்டு நேரில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதினார். அது ஒரு நல்ல முடிவு என்றே தோன்றுகிறது. முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

நாவல் அப்போது எப்படித் தொடங்கியது தெரியுமா? கதாநாயகி பிரெட் யார், அவளுடைய கல்யாணங்கள் என்ன ஆயின, அவளுடைய காதலன் எப்படிப்பட்டவன், கதை சொல்பவன் பாரிஸில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று ஓர் அரட்டை. நடுநடுவே கேலி. தெரிந்தவர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லும் வம்புப்பேச்சு போல ஒரு தொனி. ஃபிட்ஸ்ஜெரால்டைக் கடுப்பேற்றியது அந்தத் தொனிதான். பக்க எண் போட்டு, எந்த இடம் அலட்சியம், எந்த இடம் அலட்டல் என்று வரிசையாகச் சொன்னார். நகைச்சுவை என்ற பெயரில் யானை குதிப்பதைப் போலக் கனமாக இருக்கிறது என்றார். முதல் 7,500 சொற்களை 5,000 ஆக்கிவிடலாம். அதுவும் அங்கங்கே சுரண்டி அல்ல, மோசமான பகுதிகளை அப்படியே தூக்கிப்போட்டு என்றார்.

கடிதத்தில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. மனதுக்குப் பிடித்த ஒரு ஜோக்கையோ சம்பவத்தையோ விட மனமில்லாமல் சொற்களால் சுற்றிப் பாதுகாத்து வைக்கிறாய், அழகான வாக்கியம் ஒன்று கிடைத்துவிட்டால் நானும் இதே தப்பைத்தான் செய்கிறேன் என்று எழுதினார். மேலே உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும் குரல் அல்ல இது. அதே நோய் தனக்கும் இருப்பதால் அடையாளம் கண்டுகொண்ட ஒருவரின் குரல். கடைசியில், மீதி நாவலைப் படித்தபோது குறை தேடவே தோன்றவில்லை, அவ்வளவு பரபரப்பாக இருந்தது, நாவல் பிரமாதம் என்று முடித்திருந்தார்.

ஹெமிங்வே என்ன செய்தார்? ஜூன் 5-ம் தேதி பெர்கின்ஸுக்குக் கடிதம் போட்டார். நாவலை இப்போதுள்ள 16-ம் பக்கத்தில் இருந்து தொடங்கிவிடலாம், அதற்கு முன்னால் இருக்கும் எதுவும் தேவை இல்லை என்றார். நண்பர் குறைக்கத்தான் சொன்னார். இவர் மொத்தமாகவே வெட்டிவிட்டார். துணிச்சல்தான்! ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. இது தன்னுடைய யோசனை, ஸ்காட்டும் இதை ஒப்புக்கொள்கிறார் என்ற மாதிரி எழுதியிருந்தார். அந்தப் பக்கங்கள் தனக்கு எப்போதுமே பிடித்ததில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்டோபரில் நாவல் வந்தது. இன்றைக்குப் புத்தகத்தைத் திறந்தால் பிரின்ஸ்டனில் குத்துச்சண்டை பழகிய ராபர்ட் கோன் என்ற பாத்திரத்தோடு கதை சட்டென்று தொடங்குகிறது. பிரெட் எந்த முன்னுரையும் இல்லாமல் ஒரு நடன விடுதிக்குள் நுழைகிறாள். அவள் யார் என்று நாமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடிக்கிறோம். சொல்லாமல் விட்டதுதான் கதைக்கு வலு, பனிப்பாறையின் எட்டில் ஒரு பங்குதான் வெளியே தெரிய வேண்டும் என்று ஹெமிங்வே பின்னாளில் எழுதிப் புகழ்பெற்றார். சிறுகதைகளில் அந்தப் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் முழுநீள நாவலில் அது நிலைத்தது இந்த 16 பக்கங்கள் போன பிறகுதான்.

ஃபிட்ஸ்ஜெரால்டு எப்போதும் சரியாகவே சொன்னார் என்றும் இல்லை. ‘ஃபிஃப்டி கிராண்ட்’ என்ற குத்துச்சண்டைச் சிறுகதையின் தொடக்கத்தில் இருந்த ஒரு நிஜ சம்பவத்தை நீக்கச் சொன்னார். ஹெமிங்வே நீக்கினார். பிறகு காலம் முழுக்க அதை நினைத்துப் புலம்பினார். அந்தக் கதையின் தட்டச்சுப் பிரதியில், முதல் மூன்று பக்கங்களை ஸ்காட் சிதைத்துவிட்டார் என்று ஹெமிங்வே கையாலேயே எழுதிய குறிப்பு இருக்கிறது. நாவலைக் காப்பாற்றியதற்கு அப்படி ஒரு குறிப்பு எங்கேயும் இல்லை. மனுஷ சுபாவம்!

எழுதியவனைப் பற்றியா, எழுத்தைப் பற்றியா?

மூன்றே ஆண்டுகளில் காற்று மாறிவிட்டது. 1929 ஜூனில் ஹெமிங்வேயின் அடுத்த நாவலான ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ தட்டச்சுப் பிரதியையும் ஃபிட்ஸ்ஜெரால்டு படித்தார். மறுபடியும் ஒன்பது பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இந்த முறை ஹெமிங்வே அதன் கடைசியில் எழுதிவைத்த பதில், ஒரு குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாத மூன்று சொல் வசவு.

அதே மாதத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஹெமிங்வேக்கும் கனடா எழுத்தாளர் மார்லி கலஹனுக்கும் பாரிஸில் ஒரு நட்புக் குத்துச்சண்டை. கடிகாரத்தைப் பார்த்துச் சுற்றை முடிக்கும் வேலை ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு. அவர் சண்டையில் லயித்துப்போய் நேரத்தைக் கோட்டைவிட்டார். அந்தக் கூடுதல் நேரத்தில் கலஹன் விட்ட குத்தில் ஹெமிங்வே கீழே விழுந்தார். வேண்டுமென்றேதான் செய்தாய் என்று ஹெமிங்வே சீறினார். மூன்று பேருமே புனைகதை எழுதுபவர்கள் என்பதால், அந்தக் குத்து அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போனது.

ஆனால் வசவு எழுதியவர் குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நாவலின் நடுவில், இந்த உலகம் நல்லவர்களையும் தைரியசாலிகளையும் எப்படி முறித்துப்போடுகிறது என்று ஒரு பகுதி வரும். ஆங்கில இலக்கியத்திலேயே மிக அழகான பக்கங்களில் ஒன்று என்று ஓரத்தில் குறித்திருந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, நாவலை அதைக்கொண்டே முடிக்கலாம் என்று யோசனை சொன்னார். ஹெமிங்வே அந்த நாவலின் முடிவை 39 முறை திருத்தி எழுதியதாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2012-ல் வந்த பதிப்பில் 47 மாற்று முடிவுகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே ‘ஃபிட்ஸ்ஜெரால்டு முடிவு’. திட்டினாலும் எழுதிப் பார்த்திருக்கிறார். பொருந்தவில்லை என்று விட்டிருக்கிறார்.

ஹெமிங்வே உயர உயர, ஃபிட்ஸ்ஜெரால்டு சரிந்துகொண்டிருந்தார். ‘கேட்ஸ்பி’ எதிர்பார்த்தபடி விற்கவில்லை. குடி. 1930-ல் மனைவி ஜெல்டாவுக்கு மனநலம் குலைந்து மருத்துவமனை வாசம். சீக்கிரம் நாவலை முடி, உட்கார்ந்து எழுது என்று ஹெமிங்வே இடையிடையே கடிதத்தில் உந்தவும் செய்தார். ‘கேட்ஸ்பி’க்குப் பிறகு அடுத்த நாவலான ‘டெண்டர் இஸ் தி நைட்’ வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1934-ல் அது வெளியானதும், பிடித்ததா இல்லையா என்று ஒரு வரியாவது எழுதேன் என ஹெமிங்வேயிடம் கேட்டு எழுதினார் ஃபிட்ஸ்ஜெரால்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு மதுக்கூடத்தில் பார்த்த அறிமுகமற்ற இளைஞனிடம், இப்போது இவர் ஒரு வரிக்காகக் காத்திருந்தார்.

மே 28-ம் தேதியிட்ட பதில் வந்தது. ஒரு வரி அல்ல, நீண்ட கடிதம். பிடித்தது, பிடிக்கவில்லை என்று தொடங்கினார். ஜெரால்டு மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற தம்பதி இருவருக்குமே நெருங்கிய நண்பர்கள். அவர்களை மாதிரியாக வைத்துத்தான் நாவலின் நாயகனும் நாயகியும் உருவாகியிருந்தார்கள். ஆனால் பாதி வழியில் அந்தப் பாத்திரங்கள் ஸ்காட், ஜெல்டா வாழ்க்கைக்குள் புகுந்துவிடுகிறார்கள். இதைத்தான் ஹெமிங்வே பிடித்துக்கொண்டார். நிஜ மனிதர்களை எடுத்துக்கொண்டால், அவர்கள் செய்யக்கூடியதை மட்டுமே எழுத முடியும். ஒருவரை எடுத்து இன்னொருவராக மாற்றினால் பொய்யாகிவிடும் என்றார். நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தையல் உண்மையிலேயே வெளியே தெரிகிறது. ஹெமிங்வே சரியான இடத்தில்தான் விரல் வைத்தார்.

ஆனால் அத்தோடு நிற்கவில்லை. நீ மற்றவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதையே நிறுத்திவிட்டாய், உன் சொந்த சோகத்தை மறந்துவிட்டு எழுது, அடிபடாத எழுத்தாளன் யார் இருக்கிறான் என்று போனது கடிதம். ஜெல்டாவையும் விட்டுவைக்கவில்லை. அன்போடுதான் எழுதினார், அதில் சந்தேகம் இல்லை. இருந்தாலும் 1926 கடிதத்தையும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும். முதல் கடிதம் பக்க எண் போட்டுப் பேசியது. இது மனிதனைப் பார்த்துப் பேசியது. 16 பக்கத்தை வெட்ட முடியும். மனைவி மருத்துவமனையில் இருக்கும் ஒருவன், வெளிவந்துவிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது?

கூத்து என்னவென்றால், அடுத்த ஆண்டே ஹெமிங்வேயின் கருத்து மாறியது. நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்த நாவல் மேலும் மேலும் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். எழுதியது ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அல்ல, பெர்கின்ஸுக்கு.

ஒரு பெயர் மாற்றம்

1936-ல் ‘எஸ்குவயர்’ பத்திரிகையில் தன் வீழ்ச்சியைப் பற்றி வெளிப்படையாகச் சில கட்டுரைகள் எழுதினார் ஃபிட்ஸ்ஜெரால்டு. அதில் ஒன்றில், தன் எழுத்துக்கு மனசாட்சியாக இருந்தவர் சமகால எழுத்தாளர் ஒருவர் என்று பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார். அது ஹெமிங்வே. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், அதே பத்திரிகையில் ஹெமிங்வேயின் சிறுகதை வந்தது. ‘தி ஸ்நோஸ் ஆஃப் கிளிமஞ்சாரோ’. பணக்காரர்களைப் பார்த்து வாய்பிளந்து நின்று வீணாய்ப்போன பரிதாபத்துக்குரிய ஆள் என்று ஃபிட்ஸ்ஜெரால்டை முழுப் பெயரோடு அதில் எழுதியிருந்தார்.

ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய பதில் மிகவும் சின்னது. தயவுசெய்து அச்சில் என்னை விட்டுவிடு, புத்தகமாகப் போடும்போது என் பெயரை எடுத்துவிடு என்று கேட்டார். அதே கடிதத்தில், கதை அருமை, நீ எழுதியவற்றிலேயே சிறந்தவற்றில் ஒன்று, அந்த ஒரு இடம்தான் எனக்குக் கெடுத்துவிட்டது என்றும் சொன்னார். அவமானப்பட்ட நேரத்திலும் அவருக்குள் இருந்த வாசகன் கதையைச் சரியாகத்தான் எடைபோட்டான். 1938-ல் புத்தகம் வந்தபோது பெயர் ‘ஜூலியன்’ என்று மாறியிருந்தது. அதற்கும் பெர்கின்ஸ் நடுவில் நின்று வற்புறுத்த வேண்டியிருந்தது.

1940 டிசம்பர் 21-ம் தேதி, 44 வயதில், ஹாலிவுட்டில் மாரடைப்பால் இறந்தார் ஃபிட்ஸ்ஜெரால்டு. ‘கேட்ஸ்பி’யின் விற்காத பிரதிகள் அப்போதும் பதிப்பகத்தின் கிடங்கில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ வீரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகங்களில் ‘கேட்ஸ்பி’யும் இருந்தது. 1,55,000 பிரதிகள். அதற்குப் பிறகுதான் அந்த நாவல் எழுந்து நடந்தது. எழுதியவர் பார்க்கவில்லை.

ஹெமிங்வே 1961-ல் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அவருடைய பாரிஸ் நினைவுக்குறிப்பான ‘எ மூவபிள் ஃபீஸ்ட்’டில் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு மூன்று அத்தியாயங்கள். குடித்துவிட்டுச் சுருள்கிற, நோய் வந்ததாக நினைத்துப் பயப்படுகிற ஒரு கோமாளியாகத்தான் அங்கே பெரும்பாலும் வருகிறார். ‘தி சன் ஆல்ஸோ ரைசஸ்’ பற்றி அதில் ஒரு குறிப்பு உண்டு. திருத்தி முடித்த பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்பிய பிறகுதான் ஸ்காட் அதைப் பார்த்தார், திருத்தும்போது அவருடைய உதவி தனக்குத் தேவைப்படவில்லை என்பது அதன் சாரம். தேதிக் கணக்குப்படி பொய் இல்லை. பிரதி அனுப்பிய பிறகுதான் படித்தார். அனுப்பிய பிறகு 16 பக்கம் எப்படிக் காணாமல் போனது என்பதை மட்டும் ஹெமிங்வே எழுதவில்லை.

ஹெமிங்வேயின் காகிதங்கள் இப்போது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. வெட்டுப்பட்ட தொடக்கப் பகுதி 2014-ல் வந்த ஒரு பதிப்பில் பின்னிணைப்பாக அச்சாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்து, ஃபிட்ஸ்ஜெரால்டு சொன்னது சரியா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த 10 பக்கக் கடிதமும் அந்தக் காகிதங்களோடுதான் கிடைத்தது. பாரிஸ், கீ வெஸ்ட், கியூபா என்று வீடு மாறி, நான்கு கல்யாணம் செய்து, எத்தனையோ பேரோடு சண்டை போட்டும், ஹெமிங்வே அதைத் தூக்கிப்போடவில்லை.